ஊசி மருந்தில் மருந்து மட்டும்தானா இருக்கிறது? அப்பாவின் கல்லீரல் பரிசோதனை பற்றி ஒரு கேள்வி

உட்லண்ட்ஸ்வாசி | திங்கள், இரவு 9.40

வணக்கம். மருத்துவமனையிலோ மருந்துத் துறையிலோ வேலை செய்பவர்கள் இருந்தால் இதைக் கொஞ்சம் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சென்ற மாதம் ஒரு நாள் விடியற்காலையில் நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது என்றார். அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். இதயத் துடிப்பு 160, தாறுமாறாக அடிக்கிறது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். அமியோடரோன் என்ற மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். துடிப்பு அடங்கியது. எங்களுக்கும் மூச்சு வந்தது.

மறுநாள் காலை ரத்தப் பரிசோதனையில் ஏஎல்டி (கல்லீரல் அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் நொதி) இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. சாதாரணமாக நாற்பது, ஐம்பதுக்குள் இருக்க வேண்டியதாம். அப்பா குடிப்பவர் அல்ல, ஹெபடைடிஸ் பியும் இல்லை. டிரிப்பை உடனே நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு நாளுக்கு நாள் எண் இறங்கியது, வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

கிளம்பும்போது ஒரு இளம் மருத்துவர், "மருந்தே காரணம் என்று சொல்ல முடியாது, மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் திரவமாகவும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஆனால் கையில் கொடுத்த கடிதத்தில் "அமியோடரோன் ஒவ்வாமை" என்று மட்டும்தான் இருக்கிறது.

இப்போது இதய மருத்துவர், மற்ற மாத்திரைகள் அப்பாவுக்குச் சரிப்படவில்லை, அமியோடரோன் மாத்திரைதான் பொருத்தம், ஆனால் பதிவில் ஒவ்வாமை என்று இருக்கிறதே என்று யோசிக்கிறார். அம்மாவோ அந்தப் பெயரைக் கேட்டாலே வேண்டாம் என்கிறார். அந்தத் திரவத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? அது கல்லீரலைக் கெடுக்குமா?

---

தேக்கா பெரியவர் | திங்கள், இரவு 10.15

அம்மா, அப்பா தேறி வந்ததே பெரிய விஷயம். 2002இல் ஸ்லிம் 10 என்ற உடல் இளைக்கும் மாத்திரை சாப்பிட்டு இங்கே சிங்கப்பூரில் பலருக்குக் கல்லீரல் கெட்டது ஞாபகம் இருக்கிறதா? ஒரு நடிகைக்குக் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சைவரை போனது. மருந்தில் எதைக் கலக்கிறார்கள் என்று நமக்கு எங்கே தெரிகிறது. கேள்வி கேட்டது நல்லது.

---

மாத்திரைப்பெட்டி | திங்கள், இரவு 11.20

ஐயா, ஸ்லிம் 10 வேறு கதை. அதில் லேபிளில் சொல்லாத மருந்தையே ஒளித்துக் கலந்திருந்தார்கள். உட்லண்ட்ஸ்வாசி கேட்பது லேபிளில் வெளிப்படையாக எழுதியிருக்கும், எல்லா அனுமதியும் பெற்ற ஒரு பொருளைப் பற்றி. இரண்டையும் ஒன்றாக்கினால் பயம்தான் மிஞ்சும்.

நான் மருந்தாளர். பல வருடங்களாக மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. சகோதரி, அந்த இளம் மருத்துவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

அமியோடரோன் தண்ணீரில் கரையாது. ஆனால் ரத்தக் குழாயில் ஏற்ற வேண்டுமென்றால் கரைந்துதான் ஆக வேண்டும். அதனால் பழைய, இன்றும் பரவலாகப் புழங்கும் ஊசி வடிவத்தில் பாலிசார்பேட் 80 என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைக்க சோப்பு என்ன செய்கிறதோ அதே வேலை. கூடவே பென்சைல் ஆல்கஹால். ஒரு மூன்று மில்லி ஆம்பியூலில் அமியோடரோன் 150 மி.கி.; பாலிசார்பேட் 80 மட்டும் 300 மி.கி. மருந்தைப் போல இரண்டு மடங்கு! முதல் நாளில் சுமார் 1,000 மி.கி. அமியோடரோன் ஏற்றுவது வழக்கம். அப்படியென்றால் ஒரே நாளில் இரண்டு கிராம் பாலிசார்பேட் நேராக ரத்தத்துக்குள் போகிறது.

இப்படி மருந்தோடு சேர்க்கும் பொருளைத் துணைப்பொருள் என்போம். நோயைக் குணப்படுத்துவது அதன் வேலை இல்லை என்பதால் பட்டியலில் கடைசியில் கிடக்கும். ஆனால் கல்லீரலுக்கு அந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது. உள்ளே வந்ததை அதுதான் உடைத்தாக வேண்டும்.

இதே பாலிசார்பேட் 80 ஐஸ்கிரீமிலும் இருக்கிறது. அதைச் சாப்பிட்டு யாருக்கும் ஏஎல்டி ஏறுவதில்லை. வாய் வழியாகப் போவதைக் குடலே பெரும்பாலும் உடைத்துவிடுகிறது. முழுப்பொருள் ரத்தத்துக்கு வருவது மிகக் குறைவு. டிரிப்பில் போகும்போது அந்தக் காவல் இல்லை. எந்த வழியாகப் போகிறது, எவ்வளவு போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அமியோடரோன் டிரிப் ஏற்றி ஓரிரு நாளில் கல்லீரல் நொதிகள் பல மடங்கு எகிறுவது அரிதாக நடக்கிறது, மருத்துவ இதழ்களில் தொடர்ந்து பதிவாகிவருகிறது. நிறுத்தினால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். இறப்புகளும் உண்டு, அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கவனிக்க வேண்டியது, அப்படி டிரிப்பில் பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்குப் பிறகு அதே அமியோடரோனை மாத்திரையாகக் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. மாத்திரையில் பொதுவாக லாக்டோஸ், மாவுச்சத்து போன்றவைதான் இருக்கும். ஊசியில் இருப்பது போல பாலிசார்பேட் கிடையாது. அதனால்தான் சந்தேகம் துணைப்பொருள் மேல் விழுந்தது.

மாத்திரை எடுக்கலாமா கூடாதா என்பதை இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் "அமியோடரோன் ஒவ்வாமை" என்ற அந்த ஒற்றை வரியை அப்படியே விட்டுவிடாதீர்கள். எந்த வடிவம், எந்த வழி, என்ன நடந்தது என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். அந்த வரி அப்பாவின் பதிவில் ஆயுசுக்கும் இருக்கும்.

---

இரவுப்பணி | செவ்வாய், காலை 7.50

இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து ரயிலில் உட்கார்ந்தேன். இருதய வார்டில் தாதி. மாத்திரைப்பெட்டி அண்ணா சொன்ன சோப்பு விஷயத்தை நாங்கள் கண்ணால் பார்ப்பவர்கள்.

அமியோடரோன் ஆம்பியூலை உடைத்து சிரிஞ்சில் இழுக்கும்போது வேகமாக இழுத்தால் நுரைத்துவிடும். பொறுமையாக இழுக்க வேண்டும். ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலப்போம், உப்புத் தண்ணீரில் கலக்க மாட்டோம். சொட்டு எண்ணி ஏற்றும் சாதாரண செட்டில் போடக் கூடாது, பம்ப்பில்தான் போட வேண்டும் என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுவேன். காரணம் இந்தப் பாலிசார்பேட்தான். சொட்டின் அளவே சிறுத்துவிடும். கணக்குப்படி சொட்டு சரியாக இருக்கும், நோயாளிக்குப் போகும் மருந்து குறைந்திருக்கும். பிவிசி குழாயிலிருந்து பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் டிஇஎச்பி என்ற பொருளைக்கூட இது இழுத்து வெளியே கொண்டுவரும் என்று மருந்தின் குறிப்புத்தாளிலேயே எழுதியிருக்கிறது.

சொட்டையும் குழாயையும் மாற்றுகிற ஒரு பொருள் உடம்பை மட்டும் சும்மா விடுமா என்று எனக்கு எப்போதும் தோன்றும். முதல் டோஸ் போகும்போது பத்து நிமிடமும் கட்டில் பக்கத்திலேயே நிற்பேன், ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு. பலருக்கு இறங்கும்.

---

ஏழாம் மாடி | செவ்வாய், பிற்பகல் 1.05

தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். மேலே சொன்னவை தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் பாலிசார்பேட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்குள் ஒரு கேள்வி.

இதயம் 160 வேகத்தில் தாறுமாறாக அடிக்கும்போது அது தள்ளும் ரத்தம் குறைகிறது. ரத்த அழுத்தம் விழுகிறது. கல்லீரலுக்கு ஆக்சிஜன் போதாமல் போகிறது. அதோடு இதயத்தின் வலப்பக்கம் திணறினால் ரத்தம் கல்லீரலில் தேங்கவும் செய்யும். இப்படி ரத்த ஓட்டக் குறைவால் வரும் கல்லீரல் பாதிப்பிலும் ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற இரண்டு நொதிகளும் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் ஏறும், ஓட்டம் சரியானதும் சில நாளில் மடமடவென்று இறங்கும். உட்லண்ட்ஸ்வாசி விவரித்தது அச்சு அசலாக அதுதான். அமியோடரோன் டிரிப் யாருக்குப் போடுகிறோம்? ஏற்கெனவே இதயம் தள்ளாடுகிறவர்களுக்குத்தானே. அவர்களில் சிலருக்குக் கல்லீரல் அடிபடுவது டிரிப் இல்லாவிட்டாலும் நடக்கும்.

மாத்திரை கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை என்பதும் துணைப்பொருளுக்கு எதிரான சாட்சி ஆகாது. மாத்திரை கொடுக்கும் நேரத்தில் ரத்த ஓட்டம் சீராகியிருக்கும் அல்லவா?

---

மாத்திரைப்பெட்டி | செவ்வாய், மாலை 6.30

டாக்டர், நியாயமான கேள்வி. பதிவான நோயாளிகளில் ஒரு பகுதியை உங்கள் விளக்கம் சரியாகவே பிடிக்கும் என்று நானும் நினைக்கிறேன். மூன்று விஷயங்களை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று, ரத்த அழுத்தம் விழவே இல்லை, இதயம் தள்ளுவதும் மோசமில்லை, ஆனாலும் நொதிகள் ஆயிரக்கணக்கில் ஏறின என்று விவரிக்கும் பதிவுகளும் இருக்கின்றன.

இரண்டாவது, அமியோடரோன் உடம்பை விட்டுப் போக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். கொழுப்பில் போய் ஒளிந்துகொள்ளும். டிரிப்பை நிறுத்திய மறுநாளிலிருந்தே எண்கள் இறங்குகின்றன என்றால், உள்ளே இன்னும் தங்கியிருக்கும் மருந்தின் மேல் பழியைப் போடுவது கடினம். சீக்கிரம் வந்து சீக்கிரம் போகிற ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும். பாலிசார்பேட்டாக இருக்கலாம், நீங்கள் சொல்லும் ரத்த ஓட்டக் குறைவாகவும் இருக்கலாம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டிரிப் போகும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று இரவுப்பணி சகோதரி எழுதினாரே, அதற்கே பாலிசார்பேட்டும் பென்சைல் ஆல்கஹாலும் பெரிய காரணம். நாய்களுக்குப் பாலிசார்பேட் 80 ஏற்றினால் ஹிஸ்டமின் வெளியாகி அழுத்தம் கடுமையாக விழும் என்பது பழைய ஆய்வகப் பாடம். இந்த இரண்டும் இல்லாமல் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையத்துக்குள் அமியோடரோனைப் பொதிந்து தயாரித்த நெக்ஸ்டெரோன் என்ற வடிவம் அமெரிக்காவில் 2008இல் அனுமதி பெற்றது. அதற்கான உந்துதலே இந்த அழுத்தப் பிரச்சினைதான். ஆகவே ரத்த ஓட்டமா, துணைப்பொருளா என்று இரண்டு தனித்தனிக் கட்சிகளாகப் பார்க்க வேண்டியதில்லை. துணைப்பொருளே அழுத்தத்தை இறக்கி, அந்த வழியாகவும் கல்லீரலை அடிக்கலாம்.

---

ஏழாம் மாடி | செவ்வாய், இரவு 8.10

மூன்றாவதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் நாம் இருவரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறோம்: இரண்டு விளக்கத்திலும் அமியோடரோன் என்ற மூலக்கூறுக்கு எதிராக உறுதியான சாட்சி இல்லை. எனவே "அமியோடரோன் ஒவ்வாமை" என்ற பதிவு எப்படிப் பார்த்தாலும் பொருந்தாது. ஒவ்வாமை என்றால் தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை.

சகோதரி, அப்பாவுக்கு அன்று ரத்த அழுத்தம் எவ்வளவுக்கு இறங்கியது, டிரிப் தொடங்குவதற்கு முன்பே எடுத்த ரத்தத்தில் ஏஎல்டி எவ்வளவு இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். முன்பே ஏறியிருந்தால் டிரிப் மேல் பழி போட முடியாது. இந்த இரண்டு எண்ணும் இல்லாமல் நாங்கள் இங்கே எழுதுவதெல்லாம் ஊகம்தான்.

---

செங்காங் அம்மா | செவ்வாய், இரவு 10.55

இந்த இழையைப் படித்துக் கை நடுங்குகிறது. என் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். வாரக்கணக்கில் ரத்தக் குழாய் வழியாகத்தான் ஊட்டம். வெள்ளையாக, பால் மாதிரி ஒரு கொழுப்பு டிரிப்பும் போகும். ஒரு கட்டத்தில் கண் மஞ்சளாகி, கல்லீரல் கொஞ்சம் அடிபட்டிருக்கிறது என்றார்கள். அந்தக் கொழுப்பு டிரிப்பை மாற்றினார்கள், பிறகு தாய்ப்பால் குடிக்கத் தொடங்கியதும் சரியாகிவிட்டது. இப்போது தொடக்கப்பள்ளிக்குப் போகிறான், நன்றாக இருக்கிறான். ஆனால் அப்போது ஏன் அப்படி ஆனது என்று இன்றுவரை யாரிடமும் தெளிவாகக் கேட்டதில்லை. இதுவும் அதுதானா?

---

மாத்திரைப்பெட்டி | புதன், காலை 6.40

மகன் நன்றாக இருக்கிறான் என்பதை முதலில் படித்துவிட்டுத்தான் மற்றதைப் படித்தேன். மிக்க மகிழ்ச்சி.

உங்கள் மகனுக்கு நடந்தது இதன் பக்கத்து வீட்டு விஷயம். அந்த வெள்ளை டிரிப்பில் கொழுப்புதான் உணவு, அது துணைப்பொருள் இல்லை. ஆனால் சோயா எண்ணெயில் தயாரிக்கும்போது தாவர ஸ்டெரால்கள் கூடவே வந்துவிடுகின்றன. பித்தநீர் கல்லீரலிலிருந்து வெளியேறுவதை அவை தடுக்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறைமாதக் குழந்தைக்குக் கல்லீரலே இன்னும் முதிரவில்லை, வாய் வழியாக உணவும் போகவில்லை என்பதால் குடலும் சும்மா இருக்கிறது. எல்லாம் சேர்ந்து மஞ்சள். மீன் எண்ணெயில் தயாரித்த ஓமேகாவென் என்ற டிரிப்பை, இப்படிப் பித்தம் தேங்கிய குழந்தைகளுக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் அனுமதித்தது. மீன் எண்ணெய் கலந்த வேறு டிரிப்புகளும் உண்டு. உங்கள் மகனுக்கு மாற்றியது அந்த வகையாக இருக்கலாம். தாய்ப்பால் தொடங்கியதும் தெளிந்ததும் வழக்கமாக நடப்பதுதான்.

குழந்தைகள் என்று வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாலிசார்பேட் விஷயத்தில் உலகம் விழித்துக்கொண்டதே குறைமாதக் குழந்தைகளால்தான்.

1983 கடைசியில் அமெரிக்காவில் ஈ-ஃபெரால் என்ற வைட்டமின் ஈ ஊசி விற்பனைக்கு வந்தது. குறைமாதக் குழந்தைகளின் கண் பார்வையைக் காக்கும் என்ற நம்பிக்கையில் டிரிப்பில் போட்டார்கள். வைட்டமின் ஈயும் தண்ணீரில் கரையாது. அதனால் பாலிசார்பேட் 80, பாலிசார்பேட் 20 இரண்டும் சேர்த்திருந்தார்கள். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ எடையுள்ள பிஞ்சுகள். வயிறு வீங்கியது, கல்லீரல் பெருத்தது, மஞ்சள் ஏறியது, சிறுநீரகம் நின்றது, ரத்தத்தட்டுகள் குறைந்தன. 1984 ஏப்ரலில் திரும்பப் பெறுவதற்குள் 38 குழந்தைகள் இறந்துபோயின. அந்த மருந்து முறையான அனுமதி பெறாமலே சந்தைக்கு வந்தது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம். வைட்டமின்தானே, கூட இருப்பது உணவில் போடும் பொருள்தானே என்று நினைத்துவிட்டார்கள். பிறகு ஆய்வகத்தில் தோண்டிப் பார்த்தபோது சந்தேகம் பாலிசார்பேட் மேல்தான் வந்து நின்றது.

அதற்கு முன்பே 1982இல் பென்சைல் ஆல்கஹால் விஷயம் வெளிவந்திருந்தது. குழாயைக் கழுவ ஊற்றும் உப்புத் தண்ணீர் கெட்டுப்போகாமல் இருக்க 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால் சேர்த்திருப்பார்கள். உடம்பு அதை பென்சாயிக் அமிலமாக்கும். பெரியவர்களின் கல்லீரல் அதைக் கிளைசினோடு இணைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடும். குறைமாதக் குழந்தையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் போதாது. அமிலம் தேங்கி, மூச்சு திணறித் திணறிக் குழந்தைகள் இறந்தார்கள். அன்றிலிருந்து பச்சிளம் குழந்தைகளுக்கு அந்தப் பொருள் சேராத மருந்துகளைத் தேடி எடுப்பது எங்கள் வேலையில் கட்டாயம். பச்சிளங்குழந்தைகள் வார்டுக்குப் போகும் ஒவ்வொரு குப்பியின் சேர்மானத்தையும் படித்த பிறகுதான் அனுப்புவோம்.

---

புதுவரவு | புதன், பிற்பகல் 12.20

அப்படியென்றால் தடுப்பூசிகளிலும் பாலிசார்பேட் 80 இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது உண்மையா? என் மகளுக்குப் பள்ளியில் எச்பிவி ஊசி போடப்போகிறார்கள். படிவத்தில் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா?

---

மாத்திரைப்பெட்டி | புதன், பிற்பகல் 12.50

சாப்பாட்டு நேரம்தான், ஆனால் இதை ஒத்திப்போட மாட்டேன்.

இருப்பது உண்மை. கார்டசில் என்ற எச்பிவி தடுப்பூசியின் ஒரு டோஸில் 50 மைக்ரோகிராம். அமியோடரோன் டிரிப்பில் ஒரு நாளுக்குப் போவது இரண்டு கிராம், அதாவது நாற்பதாயிரம் மடங்கு. அதுவும் ரத்தக் குழாயில். தடுப்பூசி தசையில் போடுவது. இந்த இழையில் பேசும் கல்லீரல் பாதிப்பு அந்த அளவில் வருவதில்லை. தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து மகளைக் காக்கும் ஊசி அது. இந்த இழையிலிருந்து ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து யாராவது குடும்பக் குழுவில் போட்டால், நான் இங்கே எழுதியதே தீங்காகிவிடும். அளவையும் சேர்த்துத்தான் பகிர வேண்டும்.

---

புதுவரவு | புதன், பிற்பகல் 1.00

சரி, போட்டுவிடுகிறேன். அந்த எண்ணையும் குழுவில் சொல்கிறேன். நன்றி அண்ணா.

---

இரவுப்பணி | புதன், மாலை 5.15

கீமோ எடுப்பவர்கள் பேக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து பற்றியும் கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதில் கிரெமோஃபோர் என்ற விளக்கெண்ணெயிலிருந்து தயாரிக்கும் பொருள் இருக்கிறது. அதனால்தான் டிரிப்புக்கு முன் ஸ்டீராய்டும் ஒவ்வாமை மருந்தும் கொடுக்கிறோம். அது ஒவ்வாமைப் பிரச்சினை. இந்த இழையின் கல்லீரல் விஷயத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் கேள்வி வேறு. ஏற்கெனவே கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்கு இந்தத் துணைப்பொருள்கள் கூடுதலாகப் பாதிக்குமா? எங்கள் வார்டில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர்.

---

ஏழாம் மாடி | புதன், இரவு 9.30

இதற்கு நான் பதில் சொல்கிறேன், தினமும் பார்ப்பது.

லோராசெபாம் ஊசியைப் பார்த்தீர்களானால் ஏறத்தாழ 80 சதவீதம் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பான்தான். வலிப்புக்கும் கடும் பதற்றத்துக்கும் ஒரு ஊசி போட்டால் பிரச்சினை இல்லை. மணிக்கணக்கில், நாள்கணக்கில் அதிக அளவில் டிரிப்பாக ஓடவிட்டால்தான் சிக்கல். புரோப்பிலீன் கிளைக்காலில் ஒரு பங்கு சிறுநீரில் போகும். மீதியைக் கல்லீரல், மதுவை உடைக்கும் அதே நொதியைக் கொண்டு லாக்டேட்டாக மாற்றும். கல்லீரல் கெட்டிருந்தால் அந்தப் பாதை அடைபடும். சிறுநீரகமும் கெட்டிருந்தால் இரண்டு கதவும் மூடியதாகிவிடும். ரத்தத்தில் அமிலம் ஏறும், லாக்டேட் ஏறும். கிருமித் தொற்றுதான் முற்றிவிட்டது என்று தேடிக்கொண்டே இருப்போம். காரணம் நாமே ஏற்றும் டிரிப்பில் இருக்கும். நிறுத்தியதும் எண்கள் திரும்பும்.

ஆக, கல்லீரல் நோயாளிக்குக் கேள்வியே திரும்பிவிடுகிறது. துணைப்பொருள் கல்லீரலை என்ன செய்யும் என்பதைவிட, கெட்ட கல்லீரலால் அந்தத் துணைப்பொருளைச் சமாளிக்க முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். ஐரோப்பிய மருந்து முகமை பெரியவர்களுக்குப் புரோப்பிலீன் கிளைக்கால் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 500 மி.கி. என்றும், பச்சிளம் குழந்தைகளுக்கு வெறும் 1 மி.கி. என்றும் அளவு வைத்திருக்கிறது. எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள்.

---

தேக்கா பெரியவர் | வியாழன், காலை 9.05

எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தேன். என் போன்றவர்களுக்கு ஒரு சந்தேகம். ஊசி மருந்துக் குப்பி நம் கைக்கே வருவதில்லை. அதில் என்ன இருக்கிறது என்று குடும்பத்தார் எப்படித் தெரிந்துகொள்வது?

---

மாத்திரைப்பெட்டி | வியாழன், பிற்பகல் 1.15

கேட்டாலே போதும் ஐயா. ஊசி மருந்துகளின் குறிப்புத்தாளில் துணைப்பொருள் பட்டியல் இருக்கும். வார்டு மருந்தாளரைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் சொன்னால் வந்து பேசுவார். இங்கே பதிவான மருந்துகளை சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையதளத்திலும் தேடிப் பார்க்கலாம். ஒரே மருந்தை வெவ்வேறு நிறுவனங்கள் தயாரிக்கும்போது துணைப்பொருள் மாறலாம், அதனால் பிராண்டு பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகப்படும் பாதிப்புகளை மருத்துவரோ மருந்தாளரோ அதே ஆணையத்துக்குத் தெரிவிப்பார்கள். அந்தப் படிவத்தில் பிராண்டும் பேட்ச் எண்ணும் சரியாகப் போனால்தான் துணைப்பொருள் பக்கம் யாராவது கண்ணைத் திருப்ப முடியும். மருந்தின் பெயர் மட்டும் போனால் மருந்தின் கணக்கில்தான் எழுதுவார்கள்.

---

உட்லண்ட்ஸ்வாசி | ஞாயிறு, இரவு 8.20

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதை எல்லாம் ஒரு தாளில் குறித்து எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை இதய மருத்துவரைப் பார்த்தோம். அம்மாவையும் கூட்டிப்போனேன்.

ஏழாம் மாடி டாக்டர் சொன்ன இரண்டு எண்ணையும் கேட்டேன். டிரிப்புக்கு முன் எடுத்த ஏஎல்டி 38. ரத்த அழுத்தம் வரும்போதே கொஞ்சம் குறைவு. முதல் டோஸ் போகும்போது மேல் எண் 82 வரை இறங்கி, அரை மணி நேரத்துக்குள் ஏறியிருக்கிறது. துணைப்பொருளா ரத்த ஓட்டமா என்று தன்னாலும் பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்றார். வார்டில் போட்டது பாலிசார்பேட் உள்ள வடிவம்தான் என்று மருந்தாளரிடம் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்தார்.

ஒவ்வாமை என்பதை எடுத்துவிட்டு, "பாலிசார்பேட் 80 உள்ள அமியோடரோன் டிரிப்புக்குப் பின் கடும் கல்லீரல் பாதிப்பு, ரத்த அழுத்தக் குறைவும் இருந்தது, காரணம் உறுதியாகவில்லை" என்று எங்கள் கண் முன்னாலேயே திருத்தி எழுதினார். மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கியிருக்கிறார். ஒரு வாரத்தில் ரத்தப் பரிசோதனை, பிறகு இன்னும் சில. அம்மாதான் நிறையக் கேள்வி கேட்டார், அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

இன்னும் ஒன்று. அப்பா பொங்கலுக்குத் திருச்சி போக ஆசைப்படுகிறார். அங்கே ஏதாவது ஆனால் இந்தப் பதிவு அவர்களுக்குத் தெரியாதே?

---

மாத்திரைப்பெட்டி | ஞாயிறு, இரவு 9.45

அம்மா கேள்வி கேட்டார் என்பதைப் படித்ததும் மனம் நிறைந்தது.

ஒன்று நினைவில் இருக்கட்டும், மாத்திரைக்கும் கல்லீரலில் ஒரு பங்கு உண்டு. அது வேறு மாதிரி. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக வரும். அதனால் எல்லாம் சரியாகப் போனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல், தைராய்டு இரண்டையும் பார்க்க வேண்டும். அப்பா ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் அல்லது கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் எடுத்தால் அதன் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும், மருத்துவரிடம் முழுப் பட்டியலைக் காட்டுங்கள்.

பயணத்துக்கு ஒரு சிறிய அட்டை போதும். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம். அப்பாவின் நோய், இப்போது எடுக்கும் மாத்திரைகள், அளவு. அதன் கீழே, மருத்துவர் பதிவில் எழுதிய அந்த வரியை அப்படியே. "அமியோடரோன் மாத்திரையாக எடுக்கிறார்" என்பதும் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவர் குழம்பிவிடுவார். கடைசியில் இதய மருத்துவரின் கிளினிக் எண். அவரிடமே ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

---

ஏழாம் மாடி | ஞாயிறு, இரவு 10.20

அட்டையில் ஒரு சொல்லில் கவனம். "டிரிப் கொடுக்கவே கூடாது" என்று எழுதாதீர்கள். "கூடுமானவரை தவிர்க்கவும், கொடுக்க நேர்ந்தால் மெதுவாக, மறுநாள் கல்லீரல் பரிசோதனை" என்று எழுதலாமா என்று அவரிடம் கேளுங்கள். இதயம் நின்றுபோகும் நிலையில், மின் அதிர்ச்சி கொடுத்தும் துடிப்பு திரும்பாதவர்களுக்கு நாங்கள் முதலில் கையில் எடுக்கும் மருந்துகளில் அமியோடரோனும் ஒன்று, 300 மி.கி. ஒரே தடவையாக. அந்த நிமிடத்தில் அட்டையைப் பார்த்து யாரும் தயங்கி நின்றுவிடக் கூடாது. கல்லீரலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

---

உட்லண்ட்ஸ்வாசி | ஞாயிறு, இரவு 10.35

அப்படியே எழுதித் தரச் சொல்கிறேன் டாக்டர். அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.